டேங்க் ஃபுல் என்று சொன்ன மூன்று நாள்

சினிமா கேரவனில் வேலை என்று ஊரில் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். தென்காசிப் பக்கம் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சினிமாவில் இருந்தவன் என்றே நம்புகிறார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "அந்த நடிகை நேர்ல எப்படி இருப்பாங்க?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார். நான் அவர்களை நேரில் பார்த்ததைவிட அவர்கள் விட்டுப்போனதைப் பார்த்ததுதான் அதிகம். இதை எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

கம்பெனி கொடுத்த அட்டையில் என் பதவி 'சானிட்டேஷன் எக்ஸிக்யூட்டிவ்'. வண்டிக்கு அடியில் இரண்டு டேங்க் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். ஒன்று கை கழுவிய, குளித்த தண்ணீருக்கு. இன்னொன்று மற்றதற்கு. அந்த மற்றதற்குத்தான் நான் எக்ஸிக்யூட்டிவ்.

எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், குழாயை எப்படி மாட்ட வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனியின் சுள்ளிக்கல் ஷெட்டில் உங்களுக்குக் காட்டிக்கொடுத்திருப்பார்கள். இப்போது டேங்கின் அளவு ஃபோனிலேயே தெரிகிறதாமே, கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஃபோனில் வராத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். டேங்கைச் சாக்கு வைத்துப் பொய் சொல்வது எப்படி, சொன்னால் என்ன ஆகும் என்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்கு கோடவுனில் நான்கு நாள் படப்பிடிப்பு. கோடவுனில் இஞ்சி பொறுக்கும் பெண்கள், எங்களையும் மனுஷியாக மதி என்று முதலாளியை எதிர்த்து நிற்பதுதான் கதை. முதல் நாள் காலையில் தேங்காய் உடைத்துவிட்டு டைரக்டர் அந்தக் கதையைச் சொன்னபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. துணை நடிகைகளாக நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். அந்த வளாகத்தில் இருந்த கழிவறை ஒன்றே ஒன்று. அது என் வண்டியில் இருந்தது.

வண்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் நான்கு பெயர். நாயகி, டைரக்டர், கேமராமேன், தயாரிப்பாளரின் மைத்துனர். இந்த நான்காவது ஆள் நான்கு நாளும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வராத மனிதருக்குக் கழிவறை இருந்தது. வந்த நாற்பது பேருக்கு இல்லை.

தாளை ஒட்டியவர் புரொடக்‌ஷன் கண்ட்ரோலர். சாயா வாங்குவதிலிருந்து சாமியானா கட்டுவது வரை படப்பிடிப்பில் எல்லாம் அவர் கையில். மலையாளி. தமிழர்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, லிஸ்ட்ல இல்லாதவங்க ஆரு கேட்டாலும் டேங்க் ஃபுல்னு பறஞ்சா போதும். வேற ஒண்ணும் பறய வேண்டா."

எனக்கு இது புதிதில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். எவ்வளவு அருமையான யோசனை என்று ஒவ்வொரு முறையும் வியந்திருக்கிறேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னால் மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். டேங்கோடு யார் சண்டைக்கு வருவது? காலை ஏழு மணிக்கே எப்படி நிரம்பியது என்று என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போதாததற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் சின்னப் பலகை, அதில் நான்கு விளக்கு. பொத்தானை அமுக்கினால் டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அத்தனை விளக்கு எரியும். அதற்கு முந்தைய படப்பிடிப்பு ஆலுவாவில். அங்கே யாரோ போட்ட காகிதம் டேங்குக்குள் போய்ச் சென்சாரில் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து எப்போது அமுக்கினாலும் நான்கு விளக்கும் சிவப்பாக எரிந்தன. டேங்கை முழுக்கக் காலி செய்து, தண்ணீர் விட்டு அலசி, காகிதத்தை எடுத்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. நான் எடுக்கவில்லை. அந்தச் சிவப்பு எனக்கு உபயோகமாக இருந்தது. நம்பாதவர்களுக்கு அமுக்கிக் காட்டிவிடலாம். பிறர் ஏமாறுவதற்காக வைத்திருந்த அந்த விளக்கை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எரிந்தால் எரியட்டும், உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது என்ற நினைப்பிலேயே வண்டியை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தேன்.

அந்த நாற்பது பேரில் ஒருவர் மைமூன். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அக்கா என்பதற்கு அங்கே இத்தா என்பார்கள். அவரை எல்லோரும் மைமூனித்தா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் நடிக்க வந்தவர்கள். இவர் அதே கோடவுனில் இருபது வருஷம் நிஜமாகவே இஞ்சி பொறுக்கியவர். "நான் உக்காந்த எடம் அந்தத் தூணுக்கு அப்புறம்" என்று முதல் நாளே காட்டினார். நாயகி முறம் பிடித்த விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து சரி செய்துகொடுத்தார். டைரக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லாக் காட்சியிலும் இவர் நாயகிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மைமூனித்தாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. உழைத்த இடத்தில் ஒரு நாளாவது தன் முகம் தெரியும்படி நிற்பது யாருக்குத்தான் கசக்கும்?

அந்த முதல் நாள் பத்து மணி வாக்கில் வண்டிக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு ஷுகர் உண்டு. அடிக்கடி போகணும். ஒரு தடவை உள்ள போயிட்டு வரட்டுமா? சுத்தமா தண்ணி ஊத்திட்டு வரேன்."

"டேங்க் ஃபுல் இத்தா" என்றேன். பொத்தானையும் அமுக்கிக் காட்டினேன்.

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாரமில்ல தம்பி, பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு சந்து தள்ளி, படகுத் துறைக்குப் பின்னால், அவருக்குத் தெரிந்த ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்களிடம் பேசி, நாற்பது பேரும் அங்கே போய்வர அவரே ஏற்பாடு செய்தார். தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்று போய்வர வேண்டும். கோடவுனுக்கும் அந்த வீட்டுக்கும் வாளியோடு நடந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, படத்துக்காகத்தான் நடக்கிறார்கள் என்று ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மைமூனித்தா திரும்பிவரத் தாமதமாகிவிட்டது. அவருக்காக ஷாட் காத்திருந்தது. கண்ட்ரோலர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "இனி ஒரு தடவை எழுந்து போனா, அந்த எடத்துல வேற ஆளை நிறுத்தும்! மனசிலாயோ?"

மைமூனித்தா தன் இடத்தில் போய் நின்றார். அன்று மதியச் சாப்பாட்டில் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். மாலையில் சாயா வந்தபோதும் வேண்டாம் என்று தலையாட்டினார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. சர்க்கரை வியாதிக்காரர், வெயிலில் நிற்கிறவர், எழுந்து போகக் கூடாது என்பதற்காகத் தொண்டையைக் காயப்போடுகிறார். புரிந்தும் நான் பேசாமல் சாப்பிட்டேன். அன்றைக்கு மீன் கறி நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் பெரிய காட்சி. நாயகி முதலாளியைப் பார்த்துப் பேசும் வசனம். காலையில் அவர் வண்டிக்குள் போய்வந்த பிறகு உள்ளே ஒரு களகளச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தண்ணீர் கீழே இறங்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து டேங்கைத் தட்டினேன். கல்லைத் தட்டுவது போல் கேட்டது. ஆலுவாவிலேயே முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. நான் பொய் என்று நினைத்துச் சொன்னதும் உண்மையும் ஒரு ஜாண் இடைவெளியில்தான் இருந்திருக்கின்றன.

கண்ட்ரோலரிடம் ஓடினேன். "சார், டேங்க் ஃபுல்."

அவர் சிரித்தார். "என்னோட டயலாக் என்கிட்டயே பறயுந்நோ?"

"சத்தியமா ஃபுல் சார்."

"அதே! இந்த மாதிரித்தான் பறயணும். நல்ல ஆக்டிங்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நம்பினார். நம்பிய அடுத்த நொடியே அவருக்கு வழியும் தோன்றிவிட்டது. "ஓடையில கொஞ்சம் தொறந்து விடு அண்ணாச்சி. மழை வந்தா போயிடும்."

சித்திரை மாசம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அந்தச் சந்து ஓடை ஒவ்வொரு வீட்டுப் படியையும் தொட்டுக்கொண்டுதான் போகும். "முடியாது சார்" என்றேன். மனசாட்சி தடுத்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். உண்மையில், அதற்கு முந்தைய மாதம்தான் தோப்பும்படிப் பக்கம் கழிவைக் கொட்ட வந்த ஒரு லாரியை ஊர்க்காரர்கள் சுற்றி வளைத்து, டிரைவரைக் கொட்டிய இடத்திலேயே சாயங்காலம் வரை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்த டிரைவரின் முகம் என் கண்முன் வந்தது. பயத்தில் செய்த நல்ல காரியமும் நல்ல காரியம்தான். தைரியம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

உறிஞ்சும் லாரிக்கு ஃபோன் செய்தேன். அது தேவராவில் வேலையில் இருந்தது. பாலம் தாண்டி வர மதியம் ஆகும் என்றார்கள்.

பதினோரு மணிக்கு நாற்பது பெண்களையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறி. மைமூனித்தா முதல் வரிசையில். கேமரா வைத்தாயிற்று, வெளிச்சம் சரியாக இருக்கிறது, நாயகி மட்டும் வர வேண்டும். அந்த நேரத்தில் நாயகி வண்டிக்கு வந்தார்.

"மேடம், டேங்க் ஃபுல்."

அவர் சென்னையில் படித்தவர், நல்ல தமிழ் பேசுவார். பொத்தானைத் தானே அமுக்கிப் பார்த்தார். "இது எப்பவுமே இப்படித்தானே எரியுது?"

"இன்னைக்கு நெசமாவே ஃபுல் மேடம்."

"அப்ப இத்தனை நாளு?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "அப்ப அவங்கள்லாம் எங்க போறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

துணிமணி பார்க்கும் பெண் அவரை அந்தச் சந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். போன நேரம், வீட்டுப் பெரியவர் குளித்துக்கொண்டிருந்தாராம். அவர் சாவகாசமாகக் குளிப்பவராம். நாயகி வாளியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்ற சேதி நிமிஷத்தில் பரவி, மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் ஃபோனோடு அங்கே வந்துவிட்டார்கள். அவர் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த முக்கால் மணி நேரமும் நாற்பது பெண்கள் வெயிலில் நின்றார்கள். குறி மாறிவிடும், யாரும் அசையக் கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு மட்டும் குடை பிடித்திருந்தார்கள். மைமூனித்தாவின் உதடு வெளுத்திருந்ததை வண்டிப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தேன். "ஃப்ரேம்ல வராதே!" என்று யாரோ கத்தினார்கள். நின்றுவிட்டேன். கேமரா ஓடக்கூட இல்லை. இருந்தும் நின்றுவிட்டேன்.

நாயகி வந்தார். கேமரா ஓடியது. மைமூனித்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கும் உடம்பு உண்டு முதலாளி, அதுவும் ரத்தமும் சதையும்தான் என்று வசனம் தொடங்கியது. இரண்டாவது வரி முடிவதற்குள் அந்தத் தோள் அவர் கையிலிருந்து நழுவியது. மைமூனித்தா அப்படியே சரிந்து தரையில் விழுந்தார். நாயகி வசனத்தை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

டைரக்டர் கட் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு எழுந்து நின்று கைதட்டினார். "எந்தொரு நேச்சுரல்! என்ன ஒரு நடிப்பு!" என்றார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். மைமூனித்தா மட்டும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் ட்ரிப் ஏற்றினார்கள். கூடப் போன பெண் வந்து சொன்னார். தண்ணீரே குடிக்காமல், அடக்கி அடக்கி வைத்து, மூத்திரப் பாதையில் கிருமித் தொற்று வந்துவிட்டதாம். இன்னும் இரண்டு நாள் இப்படியே இருந்திருந்தால் கிட்னியைத் தொட்டிருக்கும் என்று டாக்டர் கத்தினாராம். சர்க்கரைக்காரருக்குத் தண்ணீர் கொடுக்காத புத்திசாலி யார் என்று கேட்டாராம். நான் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். இந்த வேலையில் நான் அழுத ஒரே நாள் அது.

மதியம் லாரி வந்தது. முழுக்க உறிஞ்சி எடுத்தோம். மூன்று முறை தண்ணீர் விட்டு அலசினேன். ஒட்டியிருந்த காகிதம் வந்தது, உள்ளங்கை அளவுகூட இல்லை. பொத்தானை அமுக்கினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. பிறகு கதவில் இருந்த தாளைக் கிழித்தேன்.

அதைக் கிழித்ததற்காகக் கண்ட்ரோலர் கம்பெனியில் புகார் சொல்லி, என்னை எட்டு மாதம் ஜெனரேட்டர் வண்டிக்கு மாற்றினார்கள். அங்கே புகை அதிகம். பொய் குறைவு. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி மாற்றல் வரலாம், பயப்படாதீர்கள். காது கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். தாளில் பெயர் இல்லாத ஒருவர் வந்து கேட்டால் அனுமதி இல்லை என்று உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கதவைத் திறந்துவிடுங்கள். டேங்கை நடுவில் இழுக்காதீர்கள்.

நான்காம் நாள் காலையில் மைமூனித்தா ஆட்டோவில் வந்து இறங்கினார். வேறு ஆளை நிறுத்துவேன் என்று கத்திய அதே கண்ட்ரோலர்தான் ஆட்டோ அனுப்பியிருந்தார். இத்தா விழுந்த காட்சியைப் படத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டதாம். விழுந்தவர் எழுந்து நிற்கும் காட்சி பாக்கி இருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் படத்தில் தெரியாமல் மறைக்க ஒருவர் மேக்கப்போடு காத்திருந்தார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இத்தா, டேங்க் காலி. நீங்க வாங்க. எல்லாரும் வரலாம்."

அவர் கதவைப் பார்த்தார். தாள் இல்லாததைப் பார்த்தார்.

"மொத நாளும் எடம் இருந்துச்சுல்ல தம்பி" என்றார்.

நான் விளக்குப் பலகையைப் பார்த்தேன்.

"நீ ஃபுல்லுன்னு சொல்லிட்டுத் திரும்பறதுக்குள்ள அந்தக் கேமரா சார் உள்ள போயி, கையத் தொடச்சிக்கிட்டு வந்தாரு. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே இத்தா. ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். ஒண்ணு சொன்னதுக்கே உன் மொகம் போன போக்கப் பாத்தேன். எதுக்கு உன்னையும் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டேன்."

எனக்காக அவர் மூன்று நாள் தாங்கியிருக்கிறார். கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் உடனே உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்தார்.

"போறேன். முதல்ல குடிக்கத் தண்ணி கொடு."

நாயகியின் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். கீழே வைக்காமல் முழுவதும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. அந்த வண்டியில் முதல் நாளிலிருந்தே இருந்தது.